மலைக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் ரேஷன் கார்டு

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல மையத்தில் வியாபாரிகள் கணினித் திரைகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சாம்பிள் பை கைக்கு வருகிறது. உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்க்கிறார்கள், நகத்தால் தோலைக் கீறுகிறார்கள், மூக்கருகே கொண்டுபோகிறார்கள். எட்டு எம்எம் தேறுமா, நிறம் நிற்குமா, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று சில விநாடிகளில் கணக்குப் போட்டு விலையைத் தட்டுகிறார்கள். பார்த்து முடித்த காய் தரையில் விழுகிறது. ஏலம் முடிந்து எழுந்து நடக்கும்போது காலடியில் ஏலக்காய் நொறுங்குகிற சத்தம் கேட்கும். லாட் எண், எடை, விற்றவர், வாங்கியவர், விலை எல்லாமே பதிவாகின்றன. இந்தியாவில் விளையும் சிறு ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் முக்கியமாக நடப்பது இரண்டே ஊர்களில்: இடுக்கி மாவட்டத்துப் புற்றடி, தேனி மாவட்டத்துப் போடி. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அந்த விலை நாடு முழுக்கச் செய்தியானது.

அந்தக் காயைப் பறித்த பெண்ணின் பெயர் இந்தப் பதிவில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசின் ஏட்டில் அவருடைய பெயர் பல இடங்களில் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது, உரிமைத்தொகைப் பட்டியலில் இருக்கலாம், காப்பீட்டு அட்டையில் இருக்கிறது, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையில் இருக்கிறது. ஏலத்தோட்டத் தொழிலாளி என்கிற பெயரில் மட்டும் பெரும்பாலும் எங்குமே இல்லை. மனித மேம்பாட்டில் நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டப்படும் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே தினமும் போய்வருகிற ஒருவருக்கு, அந்த இரண்டு மாநிலங்களின் நலத்திட்டங்களும் எந்த அளவுக்கு எட்டுகின்றன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நிற்கின்றன. போடி மட்டுமல்ல, சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவாரம் நெடுக இதே காட்சிதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளில் பல ஆயிரம் பேர் மேலேறுகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, தூக்குவாளியில் சோறு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், அட்டைக்கு மூக்குப்பொடியோ உப்போ. "மலைக்குப் போறோம்" என்பார்கள். கேரளத்துக்குப் போகிறோம் என்று சொல்பவர்கள் குறைவு. போடிமெட்டுச் சாலையில் முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காடு விரிகிறது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை அடைத்துக்கொண்டு ஓடும் ஜீப் கவிழ்ந்த செய்தி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் மேலே தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்கிறது. அதில்தான் காய். எடுப்பவர் ஒவ்வொரு தூரிலும் குனிய வேண்டும், ஈர மண்ணில் குந்த வேண்டும், பழுத்த காயைத் தொட்டு அறிந்து அதை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் அடுத்த எடுப்பு குறையும். முற்ற விட்டால் காய் வெடிக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். ஒரே தோட்டத்தில் ஒன்றரை மாதத்துக்குள் மறு எடுப்பு வந்துவிடும். ஆடியில் தொடங்கித் தை வரை நீளும் இந்த வேலைக்கு இயந்திரம் கிடையாது. எந்தக் காய் பக்குவம் என்று சொல்வது அந்தக் கைகள்தான்.

இந்தப் பெண்களின் வீட்டுப் பக்கக் கதை ஒரு பெரிய சாதனைக் கதை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1990களின் நடுப்பகுதி வரை தேனி தனி மாவட்டமல்ல, மதுரையின் ஒரு பகுதி. தமிழ்நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் சில இந்த மதுரைச் சீமையில்தான் முதலில் காலூன்றின. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் முதல் களம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம். குழந்தையை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் கூடுதல் உணவு கொடுப்பது அதன் வழிமுறை. இரண்டே ஆண்டுகளில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவை மாநிலத்தின் ஊரகம் முழுக்க விரித்தது. 1956இல் காமராசர் காலத்தில் வேர்விட்ட மதிய உணவு அதோடு மரமானது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது. எவ்வளவு வலிமிகுந்த தேவையிலிருந்து அது வந்தது என்பதை இந்தப் பகுதியின் மூத்த பெண்கள் அறிவார்கள்.

போடிக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1989 தேர்தலில் ஜெயலலிதா வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்த தொகுதி இது. 2011 முதல் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஓ. பன்னீர்செல்வம் நிதியமைச்சராகப் பல ஆண்டுகள் மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தையே வாசித்தவர், முதலமைச்சராகவும் இருந்தவர். 2011 ஜூனில் விலையில்லா அரிசி வந்தது. அதே ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 12,000 ரூபாயானது. பின்னர் 18,000 ஆனது. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சியில், 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் இந்தப் பாதை மாறவில்லை. இதையெல்லாம் 'இலவசம்' என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்கள் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் ஒரு வாரம் தங்கிப் பார்க்க வேண்டும். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடு, கேரளத்தில் 0.55 விழுக்காடு. இந்த எண்களுக்குப் பின்னால் அரிசியும் முட்டையும் கிராம செவிலியரும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன.

இவற்றுள் ஏலத்தோட்டத் தாய்மாருக்கு மிகவும் பொருந்தியது எது என்று கேட்டால், காலை உணவுத் திட்டத்தைத் தயங்காமல் சொல்லலாம். 2022 செப்டம்பர் 15 அன்று இதுவும் மதுரையில்தான் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இருட்டில் ஜீப் ஏறும் தாய் நள்ளிரவு கடந்ததும் எழுந்து சமைக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளை பழைய சோற்றோடோ வெறும் வயிற்றோடோ பள்ளிக்குப் போக வேண்டும். பல வீடுகளில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்காதான் தம்பியைக் குளிப்பாட்டித் தலைவாரி அழைத்துப் போவாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எட்டு, எட்டரை மணிக்குப் பள்ளியில் சூடான உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு கிடைப்பது தாயின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த ஏற்பாடு. சமைப்பவர்களும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். தாயின் வேலை நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுபோல் அமைந்த நலத்திட்டம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கோ அங்கன்வாடிதான் கதி. ஜீப் கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் கழித்தே அங்கன்வாடிக் கதவு திறக்கிறது. தாய் மலையிறங்குவதற்கு முன்பே அது பூட்டப்பட்டுவிடும். இடைப்பட்ட நேரத்துக்குப் பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையென்றால் பக்கத்து வீடு, அதுவும் இல்லையென்றால் பள்ளியை விட்ட அக்கா. கட்டணமில்லாப் பேருந்தும் அப்படித்தான். அது ஓடும் நேரமும் தடமும் ஏலத்தோட்டத்துக்குப் பொருந்துவதில்லை. கண்டக்டர் கொடுக்கும் விலையில்லாச் சீட்டு போடி பேருந்து நிலையம் வரை உதவும். எல்லை தாண்டி எஸ்டேட் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஜீப்தான்.

வீட்டிலிருந்து கிளம்பியதும் நலத்திட்டம் முடிகிறது என்றால், வேலையிடத்தில் சட்டம் தொடங்க வேண்டும். சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலக்காயையும் தன் வரம்புக்குள் வைத்திருந்தது. குடியிருப்பு, மருத்துவம், குடிநீர், கழிப்பிடம், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அதன் பட்டியல் நீளமானது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1981இல் திருத்தி, சட்டம் பொருந்த ஐந்து ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தாலே போதும் என்றார்கள். 2020இல் நாடாளுமன்றம் இதைத் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்தது.

சட்டம் மனத்தில் வைத்திருந்த தோட்டம் வேறு. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடும்பம், நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர், மாதச் சம்பளம், ஓய்வுபெறும்போது பணிக்கொடை. ஏலமலையிலோ பல தோட்டங்கள் சிறியவை. ஐந்து ஹெக்டேருக்குள் அடங்கிவிடுபவை ஏராளம். இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று என்று ஜீப் எங்கே போகிறதோ அங்கே வேலை. கூலியைப் பேசுவது பலநேரம் கங்காணியோ ஜீப்காரரோதான். யார் முதலாளி என்று கேட்டால் எடுப்புக்குப் போகும் பெண்ணுக்கே உடனே சொல்லத் தெரியாது. வருங்கால வைப்பு நிதியும் மகப்பேறு விடுப்பும் இந்த ஏற்பாட்டுக்குள் நுழைய வழியில்லை. 1979இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கென ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. ஊரைவிட்டுப் போய் அங்கேயே தங்குபவரை நினைத்து எழுதிய சட்டம் அது. இரவு வீடு திரும்பி ரேஷன் அரிசியில் சோறு வடிப்பவர் அதன் கண்ணில் புலம்பெயர்ந்தவராகத் தெரியவில்லை.

மூணாறில் 2015 செப்டம்பரில் 'பெண்கள் ஒற்றுமை' என்கிற பெயரில் திரண்ட தேயிலைத் தொழிலாளர்கள் தங்கள் தொழிற்சங்கங்களையே ஒதுக்கிவிட்டு 20 விழுக்காடு போனஸ் பெற்றது நினைவிருக்கலாம். அந்தப் பெண்களும் தமிழர்கள்தான். ஒரே நிறுவனம், ஒரே லயம், ஒரே பதிவேடு என்பதால் அவர்கள் திரள முடிந்தது. முப்பது தோட்டங்களுக்குச் சிதறிப்போகும் ஜீப்புகளில் அந்தத் திரட்சிக்கு வாய்ப்பில்லை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்த எல்லைக்கோட்டின் அரசியலை இங்கே கிளற வேண்டியதில்லை. மலைச் சரிவின் அன்றாடப் பொருளாதாரம் அந்தக் கோட்டை ஒருபோதும் மதித்ததில்லை என்பதே இங்கே முக்கியம். கோடு திடீரென இறுகும்போதெல்லாம் அடிபடுவது எடுப்புக்குப் போகிறவர்கள்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்பினார்கள். எடுப்பு உச்சத்தில் இருந்த நாட்கள் அவை.

2020 மார்ச்சில் நடந்தது இன்னும் கொடுமை. கொரோனாவால் வாகனங்கள் நின்றன. பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்துவந்த சிலர் காட்டு வழியே நடந்தே இராசிங்காபுரத்துக்கு இறங்கினார்கள். கோடைக் காட்டில் பற்றியிருந்த தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. சிறு குழந்தை உட்பட நான்கு பேர் மாண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2018 மார்ச் 11 அன்று, இதே போடி மலையில் குரங்கணித் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் இறந்ததை நாடே பேசியது. விசாரணை ஆணையம் அமைந்தது, மலையேற்ற விதிகள் மாறின. இராசிங்காபுரத்துச் சாவு ஊரடங்குச் செய்திகளுக்குள் கரைந்துபோயிற்று. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நேர்ந்த சாவு அது என்கிற கோணத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

உடல்நலத்திலும் இதே பிளவு. ஏலச்செடி பூச்சிமருந்து மிகுதியாக வாங்கும் பயிர். மருந்தின் எச்சம் அதிகம் என்று சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பியது உண்டு. அதன்பின் எச்சத்தை அளக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு மதிப்புக் கூடியது. காயில் எவ்வளவு மருந்து ஒட்டியிருக்கிறது என்பதை மில்லிகிராம் கணக்கில் சொல்ல முடிகிறது. மருந்தடித்த தோட்டத்தில் நாள் முழுக்கக் குந்தியிருப்பவரின் ரத்தத்தில் அதன் பாதிப்பை அறியவும் எளிய பரிசோதனை உண்டு. கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவைப் பார்த்தால் போதும். அதை இவர்களுக்கு யார் செய்வது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவந்தது அருமையான செயல். தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது இந்தப் பெண் உடும்பன்சோலையில் இருக்கிறார். 2024இல் தமிழ்நாடு இதே திட்டத்தைத் தொழிற்சாலைகளுக்குள்ளும் கொண்டுபோனது. ஏலத்தோட்டம் அந்த எல்லைக்கும் வெளியே.

முதுமைக்கு வருவோம். முப்பது நாற்பது ஆண்டுகள் கேரள மண்ணில் காய் எடுத்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காமல் ஜீப் ஏறுவதை நிறுத்துகிற பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியது தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை. 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம், 2023 முதல் 1,200 ரூபாய். ஆதரவற்றவர் என்று நிரூபித்தால்தான் அதுவும். மலைக்கு மேலே கேரளத்தின் நல ஓய்வூதியம் 1,600 ரூபாயாக இருந்து 2025 நவம்பரில் 2,000 ஆயிற்று. நூறு நாள் வேலையிலும் 2024-25இல் தமிழ்நாட்டுக் கூலி 319 ரூபாய், கேரளக் கூலி 346 ரூபாய். கேரளம் 64,006 குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலமாகத் தன்னை அறிவித்தது. உழைப்பு மெச்சத்தக்கது. அந்தக் கணக்கெடுப்பும் வீட்டு வாசலில் நடந்ததுதான். ஏலத்தோட்டத்துக்குக் காலையில் வந்து மாலையில் இறங்குபவருக்குக் கேரளத்தில் வாசல் இல்லை.

சரிவிலேயே வாழ்கிறவர்களின் நிலை தனி. போடிமெட்டுச் சாலையோரத்துச் சிறைக்காட்டில் பளியர்களும், குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர்களும் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவர்களுக்காகவே வந்தது. தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கும் வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. காட்டுரிமை தாமதமான அந்த ஆண்டுகளிலும் அவர்களில் பலருக்குக் கூலி தந்தது தோட்ட வேலைதான்.

உலகில் இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. லக்சம்பர்க் என்கிற சின்ன நாட்டுக்குப் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் 'எல்லைத் தொழிலாளர்' என்றொரு வகை உண்டு. நாள்தோறும் அல்லது வாரத்துக்கு ஒரு முறையாவது வீடு திரும்புபவர் என்பது அதன் வரையறை. காப்பீடும் ஓய்வூதியமும் வேலை செய்யும் நாட்டின் பொறுப்பு. மருத்துவத்தை இரு நாட்டிலும் பெறலாம். தனித்தனி நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு இது. தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன. முல்லைப் பெரியாறு அணைக்கான மேற்பார்வைக் குழுவில் கூடிப் பேசுகின்றன. பரம்பிக்குளம் ஆழியாறு நீருக்கு ஒப்பந்தம் உண்டு, கூட்டு வாரியம் உண்டு. தினமும் மலையேறி இறங்கும் தொழிலாளருக்கு அப்படியொரு கூட்டு ஏற்பாடு இல்லை.

அந்த ஏற்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் போடியிலேயே விடை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டம் நிரந்தர முதலாளி இல்லாத சுமைதூக்குவோருக்கு ஒரு வாரியத்தை அமைத்தது. யார் சரக்கைத் தூக்கினாலும் கூலியோடு ஒரு வரியும் வாரியத்துக்குப் போகும். வைப்பு நிதி, விடுப்புச் சம்பளம் எல்லாம் வாரியம் பார்த்துக்கொள்ளும். ஏலக்காய்க்கு இது இன்னும் எளிது, ஏனென்றால் ஏல மையத்தில் ஒவ்வொரு மூட்டையும் எடையோடு பதிவாகிறது. புற்றடியிலும் போடியிலும் ஏலம் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் ஸ்பைசஸ் போர்டும் சேர்ந்து நடத்தும் நிதியில் போடலாம். சிறு விவசாயிக்கு விலை சரிந்த ஆண்டில் சுமை கூடாதபடி அதை விலையோடு ஏற்றி இறக்கலாம். எந்தத் தோட்டத்தில் வேலை செய்தாலும் தொழிலாளியின் ஒரே அட்டையில் நாள் ஏறும்.

கூட்டு வாரியம் அமைய ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் தமிழ்நாடு தன் பக்கத்திலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஜீப் ஏறும் தெருக்களில், அதிகாலை நாலரைக்குத் திறந்து இரவு ஏழு மணிக்குப் பூட்டும் குழந்தைக் காப்பகம். போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்தில் எந்தெந்த முக்கில் எத்தனை ஜீப் நிற்கிறது என்பது ஊராட்சிச் செயலருக்கும் கிராம செவிலியருக்கும் தெரியும். காலை உணவு சமைக்கும் குழுப் பெண்கள் விடியும் நேரத்தில் ஏற்கெனவே பள்ளிச் சமையலறையில் இருக்கிறார்கள். அதே வளாகத்தில் ஒரு அறையும், கூடுதலாக இரண்டு பெண்களுக்கு முறையான சம்பளமும், பாலும் கஞ்சியும் இருந்தால், பாட்டியில்லாத வீட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் தாய் அங்கே இறக்கிவிட்டு ஜீப் ஏறலாம்.